கறுக்கும் குப்பி

வெள்ளம் வடிந்த பதினோராம் நாள்
கம்மியம்பேட்டையில் வீடு வீடாய்ப் போனேன்,
சாப்பாட்டுப் பையில் இருபது குப்பிகளோடு.
சுவர்களில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு
இன்னும் காயவில்லை.

பூவராகன் வீட்டுக் கிணறு முப்பத்திரண்டு அடி.
தெருவே உப்பேறிப் போனபோதும்
அது மட்டும் இளநீர் என்பார்.
நான் கேட்டைச் சாத்தும் முன்பே சொம்பை நீட்டினார்:
"குடிச்சிட்டுச் சொல்லுங்க. சோதனை அப்புறம்."
நான் குடிக்கவில்லை.
அவர் அதை மன்னிக்கவில்லை.

சொன்னேன்:
கோடு வரைக்கும் நிரப்புங்கள்.
மூடிக்குள் விரல் படக்கூடாது.
ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.
நாளை மறுநாள் இதே நேரம் வரைக்கும்
மஞ்சளாகவே நின்றால் நல்லது.
கறுத்தால், கிணற்றில் கழிவு இறங்குகிறது.
"கழிவா?" என்றார்,
பெண்ணின் ஜாதகத்தில் குறை சொன்னாற்போல.

ஷோகேஸில் வைத்தார்,
பேட்மிண்டன் கோப்பைக்கும்
திருவந்திபுரம் பெருமாள் படத்துக்கும் நடுவில்.

திரும்பப் போனால் குப்பி இல்லை.
"கை தவறி உடைஞ்சிடுச்சு."
செங்கமலவல்லி என்னைப் பார்க்காமல்
துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது குப்பி கொடுத்தேன்.
அது தேன் நிறத்தில் அசையாமல் நின்றது.
அடுக்களை வாசலில் புதிதாக ஒரு தண்ணீர் கேன்,
மூடியின் உறை கிழிந்து.
"விருந்தாளியா?" என்றேன்.
"ஆமா" என்றார்.

மாடியில் குடியிருக்கிறாள் மெர்லின்.
தோளில் எட்டு மாதக் குழந்தை;
இந்த மாதத்தில் மூன்றாம் முறை வயிற்றுப்போக்கு.
"எனக்கும் ஒண்ணு குடுங்கக்கா."

இரண்டு நாளில்
கீழே மஞ்சள், மேலே கறுப்பு.
ஒரே கிணறு. ஒரே மோட்டார்.
மெர்லின் ஒன்றும் பேசவில்லை.
படியிறங்கி வந்து தன் குப்பியை
அந்தக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மேல் டேங்கில பல்லி விழுந்திருக்கும்."
இருக்கலாம், என்றேன்.
வாளி விட்டு நேராய் எடுங்களேன், என் எதிரில்.
கயிற்றைத் தொட்டார்.
பிறகு விட்டுவிட்டார்.

கழிவுநீர்த் தொட்டியின் மூடியிலிருந்து
கிணற்றுச் சுவர் வரைக்கும் தானே நடந்தார்,
வாய்க்குள் எண்ணிக்கொண்டு.
பதினொன்று.
மறுபடி நடந்தார், சின்னச் சின்ன எட்டாய் வைத்து.
பதினான்கு.
"மாடி எடுக்கறப்ப தோண்டினது" என்றார்,
யாரிடம் என்று தெரியவில்லை.

பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து,
வெள்ளை அடியில் தங்கவிட்டு,
தெளிந்ததை மட்டும் இறக்கினோம்.
எல்லாக் குழாயிலும் மருந்து வாசம் வரும்வரை
மோட்டார் ஓடியது.
ஒரு நாள் யாரும் தொடக்கூடாது.
அதன் பிறகும் கொதிக்கவைத்துத்தான், சார்.
மருந்து ஒரு தவணை.
தொட்டி அங்கேயே இருக்கும்வரைக்கும்
அது குடிப்பதைத்தான் நீங்களும் குடிப்பீர்கள்.

"கண்ணாடி மாதிரி இருக்கே" என்றார் குனிந்து பார்த்து.
இருக்கும்.
கறுத்த குப்பியின் தண்ணீரும்
ஊற்றியபோது அப்படித்தான் இருந்தது.

தெருவில் போகிறவர்களுக்கென்று
வெளிச்சுவரில் ஒரு குழாய் விட்டிருந்தார்.
மறுநாள் அதன் மேல் சுண்ணாம்பு எழுத்து:
கொதிக்க வெக்காம குடிக்காதீங்க.
கீழே கையெழுத்து, தேதியோடு,
பத்திரம் பதிகிறவர் போல.

தொட்டியை இடம் மாற்றக் கொத்தனார் வந்து
விலை சொல்லிப் போனார்.
அதைப் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

வாசம் போன பிறகு கடைசிக் குப்பி.
கிணற்றிலிருந்தேதான்; கயிறு ஈரமாக இருந்தது.
இரவு பதினொன்றுக்குப் போன்: "மஞ்சள்தாம்மா."
விடியற்காலை ஐந்துக்கு: "மஞ்சள்."
கெடு முடிகிற பத்து நாற்பதுக்கு
நான் பேருந்தில், கம்பியைப் பிடித்தபடி.
ஹாரன், விசில், யாரோ சில்லறைக்குச் சண்டை.
மஞ்ச என்பது மட்டும் காதில் விழுந்தது.
சொன்னது அவரா,
மஞ்சக்குப்பம் இறங்கச் சொன்ன கண்டக்டரா?
இறங்கி நின்று
திரும்பக் கூப்பிடுகிறேன்.
லைன் போகிறது.